நாலாம் நம்பர் மிஷினின் மேல்கமா

நாலாம் நம்பர் டைப்ரைட்டிங் மிஷினில் எட்டு விழும். ஷிப்டை அழுத்திக்கொண்டு அதே கீயைத் தட்டினால் விழவேண்டிய மேல்கமா மட்டும் விழாது. எட்டும் மேல்கமாவும் ஒரே அச்சில் கீழும் மேலுமாக இருக்கும். அதில் மேல் பாதி எப்போதோ உடைந்து போயிருந்தது. இங்கிலீஷில் ‘இன்னாருடைய’ என்று சொல்வதற்காகப் பெயரோடு சேர்த்து உயரத்தில் ஒரு சின்னக் கொக்கி போடுவார்களே, அதைத்தான் சொல்கிறேன். அதற்கு அபாஸ்ட்ரஃபி என்று வாய் கொள்ளாத ஒரு பேர் உண்டு. அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது மேல்கமாதான்.

நல்ல மிஷின்களையெல்லாம் முன்னால் வருகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்து சாயங்காலம் ஓடிவரும் என் தலையில் நாலாம் நம்பரைக் கட்டினார்கள். இன்ஸ்டிடியூட் நடத்தியவர் தங்கமான மனிதர். ஆனால் மிஷினை ரிப்பேர் செய்யுங்கள் என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. ‘மேல்கமா வர்ற எடத்துல ஒரு ஸ்பேஸ் வுட்டுட்டுப் போம்மா. கடைசியில பேனாவால போட்டுக்கலாம்’ என்பார். அப்படியே பழகினோம். கமா வந்தால் வலது கட்டைவிரல் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டும். அடித்து முடித்த பிறகு பேனாவை எடுத்து ஓட்டையை நிரப்புவோம். ஒரு வருஷம் இதுதான் எனக்குத் தெரிந்த டைப்பிங்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஸ்க்ரூ கம்பெனியில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்கரையோடு நடந்தால் கம்பெனி கேட்டுக்கு முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டில் எஸ்எஸ்எல்சி வரை போன முதல் ஆள் நான்தான். போய் என்ன? தமிழ் மீடியம், இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் பாஸ். கடைசியில் வந்து உட்கார்ந்தது முதுகு சாய வழியில்லாத ஒரு மர ஸ்டூலில்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபீஸ். அங்கே மானேஜருக்கு ஒரு டைப்பிஸ்ட் இருந்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், பம்பாய்க்குப் போகிறாள் என்று தெரிந்த அன்றே மானேஜர் முன்னால் போய் நின்றுவிட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது.

‘டைப் தெரியுமா?’ என்றார்.

‘கத்துகினு இருக்கேன் சார்.’

‘லோயர் பாஸ் பண்ணிட்டு வா. ரிசல்ட் வர வரைக்கும் எடத்த வெச்சிருக்கேன். பெயிலானா பேப்பர்ல விளம்பரம் குடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது.’

லோயர் என்பது டைப்ரைட்டிங்கில் அரசாங்கம் வைக்கும் முதல் பரீட்சை. ஆவணிக்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் வரும். அதில் கோட்டை விட்டால் அந்த நாற்காலி எவளுக்கோ போய்விடும். எனக்கு அது வேண்டும். அதைப்போல வேறெதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை, இன்றுவரைக்கும்.

பக்கத்து ஸ்டூல்காரியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாற்பது வயதிருக்கும். எழுத்து வாசனை கிடையாது, வாய் மட்டும் ஏழு ஊருக்கு நீளும். சாப்பாட்டு நேரத்தில் நான் மேசைமேல் விரல்களைத் தட்டிப் பழகினால் போதும், ஆரம்பித்துவிடுவாள். ‘இன்னாடி டொக்கு டொக்குனு? காத்துக் கருப்பு எதுனா அடிச்சிகிச்சா? நாற்காலில குந்திகினா மட்டும் கொம்பு மொளச்சிடுமா உனக்கு?’

‘மொளச்சா மொதல்ல உன்னத்தான் முட்டுவேன்’ என்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

நாலாம் நம்பர் மிஷினில் எனக்கு ஒரு பங்காளி உண்டு. ஆவடியிலிருந்து ரயிலில் வருபவள். என் வயதுதான். அரை மணி நான் தட்டினால் அரை மணி அவள் தட்டுவாள். மற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் தாளில் பேனாவால் கமா போடுவாள். கிறிஸ்தவக் குடும்பம், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. விரல்தான் நகராது. ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து தேடித் தேடித் தட்டுவாள். நான் நேர் எதிர். விரல் பறக்கும், என்ன அடிக்கிறேன் என்று மட்டும் தெரியாது.

பரீட்சையில் இரண்டு பேப்பர். முதலாவது ஸ்பீடு: அச்சடித்த பக்கத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் அப்படியே அடிக்க வேண்டும். அதில் கமா எங்கே என்று பேப்பரே சொல்லிவிடும். இரண்டாவது, கையால் கிறுக்கிய ஒரு கடிதத்தைச் சரிபார்த்து ஒழுங்காக அடிப்பது. அங்கேதான் எனக்குச் சனி. பயிற்சிக்கு இன்ஸ்டிடியூட்காரர் எழுதித் தரும் கடிதங்களில் மேல்கமா என்ற பேச்சே இருக்காது. ‘அத நீங்கதான் போடணும், பரீட்சையிலயும் அப்படித்தான் வரும்’ என்பார்.

முதல் கடிதத்திலேயே பையன்களுடைய ஹாஸ்டல் ஒன்று வந்தது. ‘பாய்ஸ்’. எஸ்ஸுக்கு முன்னால் இடம் விடுவதா, பின்னால் விடுவதா? தெரியவில்லை. எதற்கு வம்பு என்று இரண்டு பக்கமும் விட்டேன். தாள் முழுக்க அப்படியே செய்தேன். ஒவ்வொரு எஸ்ஸும் பொக்கை வாயில் மிச்சமிருக்கும் ஒற்றைப் பல் மாதிரி தனியாக நின்றது.

ஆவடிக்காரி பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் தாளை வெடுக்கென்று பிடுங்கி நாலாகக் கிழித்தேன்.

‘தெரிஞ்சா சொல்லு. இன்னொருவாட்டி சிரிச்சே, அவ்ளோதான்.’

சிரிப்பை அப்படியே விழுங்கினாள். ‘சாரிடி. உக்காரு. தமிழ்ல சொல்லு, அது யாரோட ஹாஸ்டல்?’

‘பையன்களோட ஹாஸ்டல்.’

‘அந்தப் “பையன்கள்” வரைக்கும் மட்டும் இங்கிலீஷ்ல முழுசா எழுது.’

எழுதினேன். பி, ஓ, ஒய், எஸ்.

‘ஆச்சா? இப்ப “ஓட” சேக்கணும். அதான் கமா. அங்க எஸ் ஏற்கெனவே இருக்கு, இன்னொண்ணு வேணாம்.’

‘ஒரே ஒரு பையன்னா?’

‘பையன் வரைக்கும் எழுது. எஸ் இல்ல. அதனால கமாவும் போடு, எஸ்ஸும் போடு.’

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அட, இவ்வளவுதானா? தமிழில் நாம் வாயைத் திறந்தால் இப்படித்தானே வருகிறது. முதலில் ஆள், அப்புறம் கள், அப்புறம் உடைய. அந்த வரிசை மாறவே மாறாது. எந்தக் குழந்தையும் ‘பையனுடையகள்’ என்று உளறி நான் கேட்டதில்லை. எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றை, பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் எனக்குத் தெரியாது என்று சொல்லி அடித்திருக்கிறார்கள்! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அன்றைக்கு அவளை விடவில்லை. ‘சில்ட்ரன்?’ என்றேன். ‘குழந்தைங்க. அதுவே கூட்டம்தான், ஆனா எஸ் இல்லியே, அப்ப?’ ‘கமா போட்டு எஸ்’ என்றாள். ‘விமன்?’ ‘அதுவும் அப்படியே.’ ‘லேடீஸ்?’ ‘எஸ் இருக்கே. கமா மட்டும்!’ ஸ்டேஷனுக்கு நடக்கும்போதும் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆவடி ரயில் வந்து அவள் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக ஒன்று கேட்டேன்.

எல்லாமே அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஒரு நாள் கடிதத்தில் பத்து நாள் லீவு வந்தது. ‘டேஸ்’ எழுதி எஸ்ஸுக்குப் பின்னால் கமா போடு என்றாள். எனக்கு வந்ததே கோபம்.

‘நாளுக்கு எப்படிடி லீவு சொந்தம்? லீவு எனக்குல்ல சொந்தம்?’

‘உங்க சூப்பர்வைசர் குடுத்தாத்தானே உனக்குச் சொந்தம்? அது வரைக்கும் நாளுக்கே இருக்கட்டும்.’

முறைத்துக்கொண்டே கமாவைப் போட்டேன். இன்னொரு நாள் இரண்டு பேருக்குச் சொந்தமான பொருள் வந்தது. ‘எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே ரூம். அப்ப ரெண்டு பேரையும் எழுதி, கடைசி ஆளுக்கு மட்டும் ஒரு கமா. செருப்பு வேற வேற. அப்ப ஆளுக்கு ஒரு கமா’ என்றாள்.

‘எங்க ஊட்ல செருப்பும் ஒண்ணுதான்’ என்றேன். அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

பதிலுக்கு நான் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். தட்டும்போது கீபோர்டுமேல் என் தாவணித் தலைப்பைப் போட்டு மூடிவிடுவேன். குனிந்தால் தலையில் ஒரு குட்டு. ‘வலிக்குதுடி பாவி’ என்பாள், ஆனால் மூன்று மாதத்தில் அவளுக்கும் விரல் ஓட ஆரம்பித்தது. என் கடிதங்களில் ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இருந்தது.

பரீட்சை பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில். மிஷினை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அவரவர் பழகிய மிஷினில் அவரவர் அடிப்பதுதான் அப்போதைய வழக்கம். வண்டியில் வைக்கோல் பரப்பி, மிஷின்களைச் சாக்கில் சுற்றிப் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் வைத்து அனுப்புவார்கள். வண்டி கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் இன்ஸ்டிடியூட்காரர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

‘பரீட்சை ஹால்ல பேனா தொட வுடமாட்டாங்க. அதான் பாரிஸ் கார்னர்லேந்து மெக்கானிக்க இட்டாந்தேன். செத்துப்போன மிஷின்லேந்து அச்சை எடுத்து இதுல ஒட்ட வெச்சிட்டான். அடிச்சுப் பாரு.’

ஷிப்டை அழுத்தி எட்டைத் தட்டினேன். தாளின் மேலே கருகருவென்று ஒரு குட்டிக் கமா. இன்னொரு தடவை தட்டினேன். பத்து தடவை தட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவடிக்காரி கை தட்டினாள். அவர் ஏதோ பெரிய கோபுரம் கட்டியவர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூன்று பேரில் ஒருத்தருக்காவது அப்போது மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாள் முதல் பேட்சில் நான். அதே மிஷினில் அடுத்த பேட்ச் ஆவடிக்காரி. மணி அடித்தது. விவசாயிகளையும் கூட்டுறவுச் சங்கத்தையும் பற்றி ஒரு பக்கம். கை பறந்தது. ஒரு தப்பு இல்லை, ஒரு தயக்கம் இல்லை. பாதிக்கு மேல் வந்த பிறகு, தாளைச் சுமக்கும் கேரியேஜைத் தள்ளும்போது தற்செயலாக மேலே பார்த்தேன். விவசாயிகளுடைய நிலம், விவசாயிகளுடைய கடன், விவசாயிகளுடைய பிள்ளைகள் என்று வந்த இடமெல்லாம் ஓட்டை. கட்டைவிரல் பாட்டுக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறது. கமா விழும் என்று எனக்குத் தெரியும். என் விரலுக்கு யார் சொன்னது?

ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தப்பு. அத்தனை தப்புக்குப் பிறகு பாஸ் எங்கே, நாற்காலி எங்கே? எழுந்து ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ‘மொதல்ல முடிடி’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சத்தில் வந்த இரண்டு கமாவையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஷிப்ட் போட்டுத் தட்டினேன். கடைசிப் புள்ளியும் வைத்தாயிற்று. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

பேனா கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மிஷினால் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உருளையைப் பின்பக்கம் திருகினேன். மேல் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஓட்டை ஒவ்வொன்றும் சரியாக ஓர் எழுத்து அகலம். ஒரு வருஷம் விட்டுப் பழகிய இடமாயிற்றே, கூடாது குறையாது. கேரியேஜை நகர்த்தி, ஷிப்ட், எட்டு. விழுந்தது. அடுத்தது. விழுந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள், ஹால் மேற்பார்வை ஐயாதான். மூச்சு விடும் சத்தம் கேட்டது. ‘என்னம்மா பண்றே’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கை நின்றிருக்கும். அவர் கேட்கவில்லை. ஆறு ஓட்டையில் ஐந்தை அடைத்துவிட்டேன். ஆறாவதுக்குக் கேரியேஜை நகர்த்தும்போது மணி அடித்துவிட்டது.

இரண்டாவது பேப்பர் கடிதத்தில் குழந்தைகளும் பெண்களும் ஒரு மாத நோட்டீசும் வந்தன. இரண்டாவது தடவை பார்க்கக்கூட இல்லை, தட்டிக்கொண்டே போனேன். மனசு மட்டும் அந்த ஆறாவது ஓட்டையில் கிடந்தது.

வெளியே வந்தால் அடுத்த பேட்ச் ஏற்கெனவே உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. ஆவடிக்காரி என்னைத் தாண்டிப் போய் நாலாம் நம்பர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பேசக் கூடாது என்று வாசலில் ஒருவர் கை காட்டினார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

‘ஏய்! ஸ்பேஸ் தட்டாதடி! ஷிப்ட்டு! ஷிப்ட்டப் புடி!’

‘யாரும்மா நீ? வெளியில போ!’

‘போறேன் சார், தோ போறேன். ஷிப்ட்டுடி!’

என்னைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். அவள் வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். ‘மொதல் கமாவுக்கே கட்டைவிரல் கிளம்பிடுச்சுடி. நீ கத்தினது ஞாபகம் வந்து அப்படியே நிறுத்திட்டேன்’ என்றாள்.

அதற்குப் பிறகு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்கள் இருக்கின்றனவே, எதிரிக்கும் வேண்டாம். சோறு இறங்கவில்லை. ஸ்க்ரூ எண்ணினால் தப்பு வந்தது. அக்கா ரொம்ப நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டாள். ‘இன்னாடி, பேயறஞ்ச மாதிரி கீறே?’

எல்லாவற்றையும் சொன்னேன். அடைக்காமல் விட்ட ஓட்டையையும் சொன்னேன்.

‘அந்த ஓட்டைல இன்னா வரணும்?’

டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து மேசைமேல் ஒரு கமாவை வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

‘இத்துனூண்டா? இதுக்கா ஒரு மன்சியோட பொழப்ப நிறுத்துவானுங்க?’ என்றாள். கோபத்தோடு அந்தத் தண்ணீர்க் கமாவை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். அதற்குப் பிறகு என்னை அவள் ஒருநாளும் கேலி பண்ணவில்லை. எனக்கே அது என்னவோபோல் இருந்தது.

ஆவணி பிறக்க நாலு நாள் இருக்கும்போது இன்ஸ்டிடியூட்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. ‘ரெண்டு பேரும் பாஸ்மா! ரெண்டு பேரும்!’ ஆவடிக்காரி முதல் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. கத்தினது நான், கிளாஸ் அவளுக்கு! அந்தச் சந்தோஷத்திலும் ஒரு நிமிடம் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவர் கொடுத்த துண்டுச் சீட்டோடு மானேஜரிடம் ஓடினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ‘திங்கக்கெழம வந்து உக்காரு’ என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பொட்டலம் கட்டும் ஹாலுக்குத் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். சூப்பர்வைசருக்கு முகம் கோணிவிட்டது. வேலை பழகிய ஆள் போனால் அவருக்குத்தானே தலைவலி. அவர் ஏதோ முணுமுணுப்பதற்குள் அக்கா எழுந்து நின்றாள்.

‘இவ ஸ்டூலு காலிதானே? என் பொண்ணு வருவா.’

‘சரி, இட்டுகினு வா’ என்றார் சூப்பர்வைசர்.

‘ஒண்ணு இப்பவே சொல்லிட்றேன். ரெண்டு வருசந்தான். அதுக்குள்ள அவளும் டைப்பு பாஸ் பண்ணிகினு போயிடுவா.’

‘நல்லா கீதே கத! அல்லாரும் டைப்பு அடிக்கப் பூட்டா இங்க ஸ்க்ரூவ யாரு பொட்டலம் கட்றது?’

‘நீ கட்டு, நைனா.’

ஹாலே சிரித்தது. சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தேன், முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

‘இன்னாடி இன்னும் குந்திகினு கீறே? எந்திரி. அது என் பொண்ணோட ஸ்டூலு.’

நான் எழுந்தேன்.